தலைமுறை விதி

ஜூன் 11, 2025, புதன்

என் ஜெனரேட்டர் புரோகிராம் ஒருவழியாக ஓடிவிட்டது. இன்று மதியத்துக்குள் ஆயிரம் குடும்பங்களைப் பெற்றுப் போட்டுவிட்டேன். தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் - எல்லாம் பொய். ஆனால் ஒன்றோடொன்று பொருந்தி வருகிற பொய். சாப்பிடக் கூப்பிட்ட உமா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "ஆயிரம் குடும்பமா? முதல்ல உனக்கு ஒண்ணு பண்ணு" என்றாள்.

இந்த வேலை என்னவென்று அவளுக்குப் புரியவைக்க மூன்று வருடமாக முயல்கிறேன். உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதுகிறார்கள்: இன்ன குடும்பம், இன்ன குழந்தை, இன்ன மரபணுவில் இன்ன மாற்றம், அதனால் இன்ன நோய் என்று. அந்தக் கட்டுரைகளை எங்கள் ஆட்கள் படித்து, கட்டம் கட்டமாகப் பிரித்து நிரப்புகிறார்கள். ஒரு கட்டுரை ஒரு பதிவாகிறது. அதற்குப் பெயர் சான்று. நோயின் காரணத்தைத் தேடும் டாக்டர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பதிவுகளைத்தான். பைத்தான் கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய என் மாட்யூல் இரண்டு காரியம் செய்கிறது. சோதித்துப் பார்ப்பதற்காகப் பொய்ப் பதிவுகளை உண்டாக்கும்; அதுதான் ஜெனரேட்டர். மெய்யோ பொய்யோ, உள்ளே வருகிற ஒவ்வொரு பதிவையும் வாசலில் நிறுத்தி, ரேஷன் கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே விடும், அல்லது ஓரமாகத் தள்ளும்; அது வேலிடேட்டர்.

மூன்று வருடமாகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. மெய்ப் பதிவைத் திறக்கும்போது இன்னும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 'மகள். நோய் தொடங்கிய வயது இரண்டு. உயிருடன் இல்லை.' மூன்றே கட்டம். எங்கோ ஒரு வீட்டில் நடந்தது, இங்கே அக்காவின் நெய்வேலிக் குவார்ட்டர்ஸில், மாவு அரைக்கும் சத்தத்துக்கு நடுவே, என் லேப்டாப்பில் வந்து நிற்கிறது. கோயிலில்கூட எனக்கு இப்படிக் கை தானாகக் கூப்பத் தோன்றியதில்லை.

அக்காவின் கணவர், மாமா, மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து, பண்ருட்டியிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய பலாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் மகள் அபி சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு வயதாகிறது. பிப்ரவரியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு சுவர் இல்லாமல் நடப்பதில்லை. பேச்சும் குழறுகிறது. "மா... மா" என்று இரண்டாக உடைத்துச் சொல்கிறாள். என்னையா, எல்லாரும் மாமா என்கிற அவள் அப்பாவையா, யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டு மாமா அவளைச் சிரிக்க வைத்தார்.

இந்த வீட்டில் யாரைப் பார்த்தாலும் மாமாதான். மருதமுத்து மாமா எங்கள் அம்மாவுடன் பிறந்த கடைசித் தம்பி. அக்கா அவரைத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா. எனக்கும் அப்படியே. கூப்பிடுவதில் ஒரு மாற்றமும் இல்லாமல் நடந்த கல்யாணம்.

ஜூன் 12

பலா தின்று எல்லாருக்கும் வயிறு சரியில்லை. அபிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி மாமா மகிழ்கிறார்.

ஜூன் 19, வியாழன்

பாண்டிச்சேரி போய் வந்தோம். அபியின் மரபணுவைப் பார்க்க எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது.

அங்கே அபியைப் பார்க்கும் டாக்டர் தேவயானி ரொம்ப நிதானமானவர். பேப்பரை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "மூணு ஜீன்ல மாற்றம் தெரியுதுங்க. மூணுமே அர்த்தம் தெளிவில்லாத மாற்றம். இந்த மாற்றத்தோட ஒரு குழந்தையை யாரும் பார்த்து எழுதினதா எங்கேயும் பதிவு கிடைக்கல. இதுல ஒண்ணு காரணமா இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்."

அர்த்தம் தெளிவில்லாத மாற்றம். என் மாட்யூலில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஐந்து சொற்களுக்குத்தான் அனுமதி. நோய் தருவது, தரக்கூடும், அர்த்தம் தெளிவில்லாதது, தராதிருக்கக்கூடும், தராதது. அந்த ஐந்தையும் கீபோர்டில் தட்டியவன் நான். நடுவில் இருப்பதைத் தட்டும்போது எந்த முகமும் நினைவுக்கு வந்ததில்லை.

"நெருங்கின சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அக்கா மக" என்றார் மாமா.

அவர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். குறை சொல்லும் முகமே இல்லை. ஆனால் அக்கா தலை கவிழ்ந்தவள்தான், கடலூர் தாண்டி, நெய்வேலி ஆர்ச் கேட் வரை நிமிரவே இல்லை.

ஜூன் 20

காலையில் அக்கா விருதுநகருக்குப் போன் போட்டாள். அம்மாவிடம் எடுத்த எடுப்பில், "உன் தம்பிக்கு என்னையக் கட்டிவைக்கலேன்னா எம்புள்ள நல்லா இருந்திருக்கும்ல? சொல்லும்மா. சும்மா இருக்காத, சொல்லு" என்றாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். டிபன் பாக்ஸை எடுக்காமல் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? லேப்டாப்பைத் திறந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு.

ஜூன் 24

அபி இன்று ஸ்பூனைக் கீழே போட்டாள். இரண்டு முறை. வலது கை.

ஜூன் 27, வெள்ளி

ஜேபி போன். ஜெயப்பிரகாஷ் எங்கள் டீம் லீட், பெங்களூரில் இருக்கிறார், சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நல்ல மனிதர், ஆனால் யாராவது தப்பு செய்துவிட்டால் குரலில் ஒரு சந்தோஷம் வந்துவிடும்.

"அருண், உன் ஜெனரேட்டர்ல பிழை இருக்குதுங்க. ஆயிரம் குடும்பத்துல ஏகப்பட்டதை வேலிடேட்டர் வெளிய தள்ளுது. புருசன் ஒரு தலைமுறை, பொண்டாட்டி ஒரு தலைமுறைன்னு போட்டு வச்சிருக்கற."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். வேலிடேட்டரில் ஒரு விதி இருக்கிறது: கணவனும் மனைவியும் ஒரே தலைமுறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு பிழை. நான் ஜெனரேட்டரில் மாப்பிள்ளைக்குப் பெண் தேடும் இடத்தில் நாலு வழி கொடுத்திருக்கிறேன். வெளியாள், அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள். எழுதும்போது ஒரு நொடி யோசிக்கவில்லை. பெண் என்றால் இந்த நாலில் ஒன்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து ஒருவன் இதே ஜெனரேட்டரை எழுதியிருந்தால் நாலாவது வழி அவன் கைக்கு வந்தே இருக்காது.

தனியாகச் சிரித்தேன். நாலாவதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆயிரமும் பாஸ். ஜேபிக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

சனி ஞாயிறு முழுக்க ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயிரம் குடும்பமும் பாஸ், சரி. அதில் எங்கள் வீடு எங்கே?

இன்று டீ குடிக்கும் நேரத்தில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தையே ஒரு பதிவாக நிரப்பினேன். அம்மாவும் மாமாவும் ஒரு தலைமுறை. அக்காவும் நானும் அடுத்தது. மாமாவுக்கும் அக்காவுக்கும் நடுவே கல்யாணக் கோடு. கீழே அபி, நோய் தொடங்கிய வயது நாலு. பெயர்களுக்குப் பதில் எண்கள். ஓட்டினேன்.

'பிழையான பதிவு. ஏற்கப்படவில்லை.'

சிரிப்பு வரவில்லை. நான் மூன்று வருடமாகத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் மாட்யூல், அடுத்த அறையில் தூங்குகிற குழந்தை இருக்கவே முடியாது என்கிறது. அந்த விதி நான் சேருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் தினமும் அதைத் தாண்டித்தானே போய்க்கொண்டிருந்தேன், கண்ணில் பட்டதே இல்லையே.

அப்புறம்தான் வந்தது அந்த யோசனை. என் பொய்க் குடும்பங்களைத் தள்ளியது சரி. மெய்க் குடும்பங்கள்? இத்தனை வருடமாக ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் டாக்டர்கள் எழுதிய குடும்பங்கள்?

ஜூலை 1, செவ்வாய்

ஜேபியிடம் கேட்டேன். "அது என்ட்ரி பண்றவங்க மாமனாரையும் மாப்பிள்ளையையும் இடம் மாத்திப் போட்டுடறாங்கன்னு வச்ச விதி. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குது. நீ சொல்றது எக்ஸெப்ஷன் கேஸ்தானே?"

"எங்க வீடே எக்ஸெப்ஷனா ஜேபி?"

ஜேபி குரலைத் தாழ்த்தி, "எங்க சின்னம்மாகூட அவங்க மாமனைத்தான் கட்டியிருக்காங்க" என்றார். பாவம், அவருக்கும் இப்போதுதான் உறைத்திருக்கிறது. தள்ளப்பட்ட பதிவுகளெல்லாம் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றனவாம். யாராவது பார்த்துத் திருத்த வேண்டியவை. யாரும் பார்த்ததில்லை. "அந்த விதியால விழுந்ததை மட்டும் பிரிச்செடு. நல்ல உதாரணமா பத்து கொடு, மேல பேசறேன்" என்றார்.

ஜூலை 3, வியாழன்

அபிக்குக் காய்ச்சல். மத்தியானம் கை கால் வெட்டி இழுத்தது. மாமா மைன்ஸில். அடுத்த வீட்டுச் சாமியம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் ராஜாங்கம் அண்ணன் ஆட்டோ எடுத்து வந்தார். "புள்ளைய ஒருக்களிச்சு மடியில போட்டுக்கினு உக்காருங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி. அங்கிருந்து ஆம்புலன்ஸ், பாண்டிச்சேரி.

எழுத முடியவில்லை.

ஜூலை 4

இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. விழுங்கவில்லை. மூக்கில் குழாய். டாக்டர் தேவயானி சொன்னார்: "ஒவ்வொரு காய்ச்சலும் கொஞ்சம் கொஞ்சமா பறிச்சிட்டுப் போகுது. காரணம் தெரிஞ்சா எதையாவது நிறுத்தலாம்."

மாமா ஷிஃப்ட் உடையோடு வந்து நிற்கிறார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 5, சனி

எங்கே ஆரம்பிப்பது?

மதியம். வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அக்கா இருந்தாள். மாமா கீழே டீ வாங்கப் போனார். சும்மா உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. ஜேபி கேட்ட பத்து உதாரணத்தையாவது எடுப்போமே என்று லேப்டாப்பைத் திறந்தேன். தள்ளப்பட்ட ஃபோல்டர். தலைமுறை விதியால் விழுந்தவை. திரை நிறைந்து, உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. சித்தூர், ராய்ச்சூர், தர்மபுரி, மதுரை. நம் ஊர்க் குழந்தைகள். எல்லாரும் பிழை.

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பதிவில் மரபணுப் பெயரைப் பார்த்ததும் விரல் நின்றது. அபியின் ரிப்போர்ட்டில் மூன்றாவதாக இருக்கும் பெயர். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்து தினமும் பார்க்கும் பெயர். சரி, மரபணு ஒன்றாக இருக்கலாம், மாற்றம் வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். போனில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மறுபடி கட்டம். மறுபடி போன். எழுத்துக்கு எழுத்து அதே மாற்றம்.

அந்தப் பதிவில் இருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பம் ஆந்திரா. கணவன், மனைவிக்குத் தாய்மாமன். மகள், மகன், இருவருக்கும் நோய். காய்ச்சலுக்குப் பிறகு நடை தளர்ந்தது, பேச்சு குழறியது, இழுப்பு. மகள் உயிருடன் இல்லை. மகனுக்கு இரண்டு வைட்டமின்கள் அதிக அளவில் கொடுக்கப்பட்டன. கடைசிக் கட்டத்தில்: 'மீண்டும் நடக்கிறான்.'

மீண்டும் நடக்கிறான்.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. மலைத்துப் போனேன், அதுதான் சரியான சொல். எங்கோ ஒரு டாக்டர் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்து, அவள் தம்பியை விடாமல் பிடித்து நிறுத்தி, அதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் அதைப் படித்துக் கட்டம் தவறாமல் நிரப்பியிருக்கிறார். அந்தப் பையன் இத்தனை தூரம் வந்து எங்கள் வாசலில் நின்றிருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான். உன் அப்பா அம்மா கல்யாணம் தப்பு, ஓரமாக உட்கார் என்று சொல்லியிருக்கிறது மாட்யூல். அவனும் உட்கார்ந்திருக்கிறான், அபிக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே.

மாமா டீயோடு வந்தார். "என்ன மாப்ள, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றார். சொல்லவில்லை. சொல்லிவிட்டு இல்லையென்று ஆகிவிட்டால்?

ரவுண்ட்ஸ் முடித்து வந்த டாக்டர் தேவயானியிடம் லேப்டாப்பை நீட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "இது எங்கேயும் வரலையே. எங்க இருந்தது?" என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "எனக்கு அசல் கட்டுரை வேணும். பதிவை நம்பி மருந்து கொடுக்க முடியாது" என்றார். கட்டுரை எண் பதிவிலேயே இருந்தது. தன் அறைக்குப் போய் அதை எடுத்துப் படித்தார். அபியின் மூளை ஸ்கேனை மறுபடி திரையில் போட்டார்.

எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். "ஒரு குடும்பத்தை வச்சு உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா ஸ்கேன்ல அதே இடம்தான் பாதிச்சிருக்கு. கொடுக்கப் போறது வைட்டமின். கொடுத்து நஷ்டமில்ல, கொடுக்காம விட்டா நஷ்டம் வரலாம். இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

அக்கா தலையாட்டினாள். வைட்டமின் என்றதும் அவள் முகத்தில் நம்பிக்கை போனது எனக்குத் தெரிந்தது. நாம் மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கிப் போடுகிற சமாச்சாரமாயிற்றே.

ஜூலை 6

மாற்றமில்லை.

ஜூலை 7

மாற்றமில்லை. மாமா லீவை நீட்டித்தார். அவரும் அக்காவும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில்.

ஜூலை 8

நர்ஸ் நெற்றியைத் துடைத்தபோது அபி முகத்தைத் திருப்பியதாக அக்கா சொல்கிறாள். ஆசையில் அப்படித் தெரிந்திருக்கும். நான் ஆமாம் என்றேன்.

ஜூலை 9, புதன்

ஆசையில்லை. மெய்.

காலையில் என்னை உள்ளே விட்டார்கள். சட்டைப் பையில் இருந்த பேனாவை அவள் கண் தொடர்ந்தது. பையிலிருந்து எடுத்து இடப்பக்கம் நகர்த்தினேன், வந்தது. வலப்பக்கம், வந்தது. கை மெல்ல எழும்பிப் பேனாவைப் பிடித்தது. வலது கை. பிடுங்கப் பார்த்தாள்! நான் விடவில்லை, எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்க. மூஞ்சி சுருங்கி அழ ஆரம்பித்தாள். சத்தமாக, எங்கள் அபி அழுகிற அதே அழுகை. நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

வெளியே வந்து மாமாவிடம், "அழுறா மாமா" என்றேன். அவர் பயந்து எழுந்தார். "நல்ல அழுகை மாமா" என்றேன். நானும் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

இரண்டு வைட்டமின். உடம்பு அதைச் சரியாக உள்ளே எடுத்துக்கொள்ளத் தெரியாமல் தவிக்கிறது, அள்ளி அள்ளிக் கொடுத்தால் கொஞ்சமாவது எடுத்துக்கொள்கிறது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்திலா ஒரு குழந்தையின் பார்வையும் பேச்சும் நடையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன! இதைச் செய்து வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

ஜூலை 13, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறாள்.

அம்மா விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். வார்டு வாசலில் அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தான்டீ செஞ்சேன். என் தம்பி நல்லவன், எம்புள்ள கண்ணு முன்னாடி இருப்பான்னு செஞ்சேன். என்னய என்ன வேணா சொல்லு, அவனச் சொல்லாத" என்றாள். அக்கா என் பக்கம் திரும்பி, "அந்தப் பதிவக் காட்டு" என்றாள்.

காட்டினேன். கட்டம் கட்டமாக விரலை வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். மூன்று வருடமாகப் புரியாதது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"அவங்களுக்கும் தாய்மாமனா?"

"ஆமாக்கா."

"பொண்ணு தவறிடுச்சா?"

"ஆமா."

"அந்தம்மா பேரு என்னடா?"

பெயர் இல்லை. நாங்கள் வைக்க மாட்டோம். குடும்பப் படத்தில் பெண்ணுக்குப் போடும் ஒரு வட்டம், பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான் அந்த அம்மா. அக்கா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு, அப்புறமும் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள் என்று சம்மதித்திருக்கிறாள் அவள். என் அக்காவுக்காக அல்ல, அக்காவை அவளுக்குத் தெரியாது. அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவும் ஒற்றிக்கொண்டாள். லேப்டாப்பைக் கும்பிடுகிற குடும்பம் என்று வேறு நேரமாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன். நானும்தானே கும்பிட்டேன்.

பிறகு அக்கா எழுந்து போய், மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. அபி இன்னும் சுவரைப் பிடிக்கிறாள், ஆனால் ஒரு கையால்.

இன்று விதியை மாற்றினோம். ஜேபி மேலே பேசி அனுமதி வாங்கிவிட்டார். சின்னம்மா கதையையும் சொன்னாராம். இனிமேல் தலைமுறை வேறுபட்டால் பிழை என்று தள்ளாது. உறவு என்ன என்று கேட்கும். தாய்மாமன் என்று பதில் வந்தால் சரிதான் என்று உள்ளே விடும். எழுதியது கொஞ்சம்தான். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் இத்தனை நாள். ஜெனரேட்டரில் நாலாவது வழியைத் திருப்பிப் போட்டேன்.

மாலையில் ஃபோல்டர் முழுவதையும் மறுபடி ஓட்டினோம். ஜேபியும் போனில் இருந்தார். ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்று வரிகள் ஏறிக்கொண்டே போயின. சித்தூர் போனது. தர்மபுரி போனது. அந்தப் பையன் எப்போது போனான் என்று பார்க்கக்கூட முடியவில்லை, அத்தனை வேகம். இவர்களில் எத்தனை பேர் யாருக்காக உட்கார்ந்திருந்தார்களோ? யாருக்கோ நேரம் கடந்திருக்கும். ஜேபி கடைசியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சளிங்க" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் தேவயானி அபியைப் பற்றி எழுத விரும்புகிறார். இரண்டாவது குடும்பம் வந்தால் அந்த மாற்றத்தின் மேல் இருக்கும் 'தெளிவில்லாதது' என்ற சொல் மாற வாய்ப்புண்டாம். சம்மதம் கேட்டார். மாமா கொஞ்சம் தயங்கினார். ஊர் என்ன சொல்லும், நாளைக்குப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்ற யோசனை.

அக்காதான் பேசினாள். "பேரு வராது மாமா. வட்டம்தான் வரும். அந்தம்மாவும் யோசிச்சிருந்தா நம்ம புள்ள எங்க?"

மாமா கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 30

சுவர் இல்லாமல் சமையலறையிலிருந்து கூடம் வரை. விழுந்தாள். எழுந்தாள். யாரும் தூக்கக்கூடாது என்று அவளே கையைக் காட்டினாள்.

அக்டோபர் 23, வியாழன்

எங்கள் வீட்டுப் பதிவு வந்தது. சொந்தக் குடும்பம் என்பதால் நான் தொடக்கூடாது என்று முன்பே சொல்லி ஒதுங்கிவிட்டேன். பெங்களூரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எழில்மதி என்ற பெண் நிரப்பினாள். அவளுக்கு இது யாரென்று தெரியாது. 'கணவன், மனைவிக்குத் தாய்மாமன்' என்று நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறாள். ஏற்கப்பட்டது. அந்த மாற்றத்தின் மேல் இருந்த 'தெளிவில்லாதது' ஒரு படி ஏறி, 'நோய் தரக்கூடும்' என்று ஆனது. இனி உலகத்தில் எந்த டாக்டர் இந்த மாற்றத்தைத் தேடினாலும் இரண்டு குடும்பம் கிடைக்கும், இரண்டு வைட்டமின் கிடைக்கும்.

அபியின் நோயைப் பற்றிய ஒரு கெட்ட செய்தியைப் பார்த்து நான் கைதட்டினேன். அபியும் எதற்கென்று தெரியாமல் தட்டினாள். மாத்திரை வாழ்நாள் முழுக்க. வலது கையில் நடுக்கம் இருக்கிறது, போகாமலே இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

நவம்பர் 9, ஞாயிறு

விடாத மழை. மைன்ஸில் தண்ணீர் இறைப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது என்று மாமா ஓய்ந்துபோய் வந்தார். ஈரச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை, வெளியே அக்காவின் குரல்.

"ஏய் அபி! ஓடாதடீ! சொல்லச் சொல்ல ஓடுற, வழுக்கி விழுந்து பல்ல உடைச்சுக்க! வாடீ இங்க, முதுகுல ரெண்டு போட்டாத்தான் சரிப்படுவ!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் ஜன்னலுக்குப் போனேன். அபி தேங்கிய தண்ணீரில் இறங்கி அடுத்த வீட்டு வாசல் வரை போய்விட்டாள். நேராக ஓடவில்லை, கொஞ்சம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டுதான் ஓடினாள். மாமா சட்டையில் பாதிப் பொத்தானோடு வாசலில் வந்து நின்றார். பிப்ரவரியிலிருந்து இந்த வீட்டில் யாரும் அந்தக் குழந்தையைத் திட்டியதில்லை.

அக்கா திரும்பி, "நிக்கிறீங்களே மாமா, போய்ப் பிடிங்க!" என்றாள்.

மாமா போகவில்லை. "நீ இன்னொரு தடவ கத்து உமா" என்றார்.